மதிப்பு சார்ந்த மருத்துவம்: அரசு சுகாதார நிலையம் எங்கிருந்து தொடங்குவது?

ஆரம்ப சுகாதார நிலையங்களின் மாதாந்திர ரிவ்யூ கூட்டத்தில் என்னென்ன எண்கள் கேட்கப்படுகின்றன? ஓ.பி. எத்தனை, பிரசவம் எத்தனை, ஸ்கிரீனிங் டார்கெட்டில் எத்தனை சதவீதம், முகாம் எத்தனை, இரும்புச்சத்து மாத்திரை எத்தனை பேருக்குப் போனது. எல்லாம் நிலையம் செய்த வேலையின் கணக்கு. வந்தவருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்பதற்கு அந்தத் தாளில் இடமே இருக்காது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எத்தனை லோடு இறங்கியது என்று எழுதிவிட்டு, என்ன விலைக்குப் போனது என்பதை எழுதாமல் விட்டால் எந்த விவசாயியும் சும்மா இருக்க மாட்டார். மருத்துவத்தில் மட்டும் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

எழுதாமல் விட்ட அந்தப் பாதியை எழுத வைக்கும் முறைதான் மதிப்பு சார்ந்த மருத்துவம். அமெரிக்காவைச் சேர்ந்த மேலாண்மைப் பேராசிரியர்கள் மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பர்க்கும் 2006-ல் இதை விரிவாக முன்வைத்தார்கள். வரையறை எளிது. நோயாளிக்கு முக்கியமான விளைவுகள் எவ்வளவு மேம்பட்டன என்பதை, அந்த நோய்க்குத் தொடக்கம் முதல் கடைசி வரை ஆன மொத்தச் செலவால் வகுத்தால் கிடைப்பது மதிப்பு. இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். விளைவு, மருத்துவமனைக்கு வசதியானதாக இல்லாமல் நோயாளிக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். செலவு, ஒரு துறையின் செலவாக நின்றுவிடாமல் மொத்தச் செலவாக இருக்க வேண்டும்.

இது சிக்கனத் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் இந்த வருடச் செலவு குறையும். பக்கவாதம் கூடும். மதிப்பு சரியும். அதேபோல், ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பதை நிறுத்தி முடிவுக்குப் பணம் கொடுப்பது பற்றியே வெளிநாடுகளில் அதிகம் பேசுகிறார்கள். நம் அரசு மருத்துவர் மாதச் சம்பளக்காரர். அவரை நகர்த்துவது பில் அல்ல. கூட்டத்தில் கேட்கப்படும் கேள்வி. ஆகவே இங்கே மாற்றம் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எது விளைவு?

விளைவுகளை மூன்று அடுக்காகப் பார்ப்பது வழக்கம். முதல் அடுக்கு: உயிர் பிழைத்தாரா, எந்த அளவுக்குத் தேறினார். இரண்டாவது: தேறும் வழியில் எத்தனை நாள், எவ்வளவு வலி, என்ன சிக்கல். மூன்றாவது: தேறியது நிலைத்ததா, நோய் திரும்பியதா, சிகிச்சையே புதுத் தொல்லை எதையாவது கொடுத்ததா.

சர்க்கரை நோயாளியின் காலை எடுத்துக்கொள்வோம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் நூலால் பாத உணர்ச்சியைச் சோதித்தது வேலை. உணர்ச்சி குறைந்தவருக்கு எம்.சி.ஆர். செருப்பு (பாதம் புண்ணாகாமல் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு) கொடுத்ததும் வேலைதான். இந்த வருடம் இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்குக் கணுக்காலுக்கு மேல் காலை எடுக்க வேண்டி வந்தது என்பதே விளைவு. வேலையை எண்ண வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், கால் போவதும் குறையவில்லை என்றால், செருப்பு போய்ச் சேர்ந்த இடம் தவறு. அல்லது செருப்பு வீட்டு மூலையில் கிடக்கிறது.

கர்ப்பிணிகளுக்கும் இதே கணக்கு. மாத்திரை கொடுத்த எண்ணிக்கை மாதாமாதம் போகிறது. 34-ஆம் வாரத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. இரண்டும் ஒரே பதிவேட்டில்தான் இருக்கின்றன. கூட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சில விளைவுகளை நோயாளியின் வாயால்தான் அறிய முடியும். உலகெங்கும் புழங்கும் இ.க்யூ.-5டி என்ற கேள்வித்தாள் ஐந்து விஷயம் கேட்கிறது: நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை. தமிழிலும் இருக்கிறது. ஆனால் பென்னாகரம் பக்கம் நிலக்கடலைக் காட்டில் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் "உங்கள் நடமாட்டம் எப்படி?" என்று கேட்டால் "இருக்குதுங்க" என்பார். "குனிஞ்சு களை வெட்ட முடியுதாம்மா? கீழ உட்கார்ந்தா பிடிக்காம எந்திரிக்கிறீங்களா?" என்றால்தான் பதில் வரும். கேட்பவர் கிராம சுகாதார செவிலியரா, வெளியாள் ஒருவரா என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். ஆகவே ஒரே ஆள், ஒரே சொற்களில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்பது நல்லது.

ஒரு பதிவேடு, மூன்று விடை

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரத்தக்கொதிப்பைத்தான் பரிந்துரைப்போம். நோயாளிகள் அதிகம், மருந்து மலிவு, அளவெடுக்க ஒரு கருவி போதும், முடிவு சில மாதத்திலேயே தெரியும். இந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு அதில் ஒரு தொடர்பும் உண்டு. வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பயனாளிகள் 2 கோடியைத் தாண்டியதை எல்லோரும் அறிவார்கள். அதைவிட முக்கியமான எண் வேறு. 2020-ல் மாநில அளவில் எடுத்த ஆய்வில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் 17 சதவீதமாகியது. இரு மடங்குக்கு மேல். நூற்றுக்கு மீதி 83 பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

இதை ஒரு நிலையத்தின் அளவில் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. பாலக்கோடு பக்கம் ஒரு நிலையம். சமவெளி அளவுப்படி 30,000 மக்கள். பதிவேட்டில் ரத்தக்கொதிப்புக்காரர்கள் 600. இந்தக் காலாண்டில் வந்து அளவு பார்த்தவர்கள் 420. அவர்களில் 140/90-க்குக் கீழே, அதாவது கட்டுக்குள் இருந்தவர்கள் 273.

கட்டுப்பாட்டு விகிதம் என்ன? 273-ஐ 420-ஆல் வகுத்தால் 65 சதவீதம். கூட்டத்தில் பாராட்டு கிடைக்கும். 600-ஆல் வகுத்தால் 45.5. இனி 30,000 பேரில் 18 வயது கடந்தவர்கள் சுமார் 21,000 என்றும், அவர்களில் நாலில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு என்றும் வைத்தால் 5,250 பேர். அதால் வகுத்தால் 5.2.

மூன்றும் சரியான விடைதான். 65 என்பது வந்தவருக்குக் கொடுக்கும் சிகிச்சை எப்படி என்று சொல்கிறது. 65-க்கும் 45.5-க்கும் உள்ள இடைவெளி, வராமல் போனவர்களைத் தேடுகிறோமா என்று சொல்கிறது. 45.5-க்கும் 5.2-க்கும் உள்ள பள்ளம், நோய் இருப்பதே தெரியாதவர்களைக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்கிறது. எந்த இடைவெளி பெரிதோ அங்கேதான் ஆளையும் நேரத்தையும் போட வேண்டும். இந்திய ரத்தக்கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சியில் இரண்டாவது வழியைத்தான் பிடிக்கிறார்கள். முன்பே பதிவானவர்களை எடுத்து, கட்டுக்குள், கட்டுக்கு வெளியே, வரவில்லை என்று மூன்றாகப் பிரிப்பது. வராதவரைக் கணக்கிலிருந்து கழற்றிவிட முடியாது. நேர்மையான முறை. முதல் காலாண்டில் எண் கேவலமாகத்தான் வரும். அதற்காக மருத்துவ அலுவலரைத் திட்டினால், அடுத்த காலாண்டில் எண் அழகாக வரும். நோயாளி அதே இடத்தில் இருப்பார்.

வந்தவர்களில் கட்டுக்குள் வராத 147 பேரின் சீட்டைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டு காரணம் தென்படும். ஒன்று, பழைய மருந்தே தொடர்வது. ஜூனில் 156/94, ஜூலையில் 152/96, ஆகஸ்டில் 158/92. மூன்று மாதமும் அதே பிரஷர் மாத்திரை, அம்லோடிபின் 5 மில்லிகிராம், "சி.டி. ஆல்" (எல்லாம் அப்படியே தொடரவும்). அளவைக் கூட்டவும் இல்லை, இரண்டாவது மருந்தாக டெல்மிசார்டன் சேர்க்கவும் இல்லை. ஓ.பி.யில் 150 பேர் நிற்கும்போது மருத்துவருக்கு அதை யோசிக்க நேரமில்லை. எந்த அளவுக்கு எந்த மருந்து என்ற முடிவை நெறிமுறையாக எழுதிச் சுவரில் ஒட்டி, அளவு கூடியிருந்தால் செவிலியரே சீட்டின் மேல் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பினால் இதில் பாதி தீரும்.

இரண்டாவது, அளவெடுப்பதிலேயே கோளாறு. பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்தவரை உட்கார வைத்ததும், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளந்தால் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை அளக்க வேண்டும். இதற்கு வேண்டியது சாய்மானமுள்ள நாலு நாற்காலிகளும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான்.

செலவை யார் கொடுக்கிறார்கள்?

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம் என்பதால் செலவைக் கணக்கிடும் பழக்கமே நமக்கு இல்லை. கணக்கியல் பேராசிரியர் ராபர்ட் காப்லானும் போர்ட்டரும் 2011-ல் எளிய முறை ஒன்றைச் சொன்னார்கள். நோயாளி உள்ளே நுழைந்து வெளியேறும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் யார், எத்தனை நிமிடம் என்று எழுது, அந்த ஆளின் ஒரு நிமிடத்துக்கு என்ன செலவு என்று கண்டுபிடி, பெருக்கு.

செவிலியரின் மாதச் செலவு 60,000 ரூபாய் என்று வைப்போம். மாதம் 24 நாள், தினம் 6 மணி நேரம் உண்மையான வேலை என்றால் 8,640 நிமிடம். ஒரு நிமிடம் 7 ரூபாய். மருத்துவர் 1 லட்சம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 12 ரூபாய். பிரஷர் சீராக இருப்பவர் ஒருவர் மாத்திரை வாங்க வருகிறார். செவிலியர் 5 நிமிடம், 35 ரூபாய். மருத்துவர் 2 நிமிடம், 24. சீட்டுப் பதிவு, மருந்தாளுநர், ஒரு மாத மாத்திரை எல்லாம் சேர்த்து 40 என்று வைத்தாலும் அரசுக்கு 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அவருக்கு? காலை 8 மணிக்குக் கிளம்பி மதியம் வீடு சேர்கிறார். அன்றைய வேலை போச்சு. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் கூலி 336 ரூபாய். தோட்ட வேலை, கட்டட வேலை என்றால் இன்னும் அதிகம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனால் மலைக்கிராமத்திலிருந்து பஸ் வரும் இடத்துக்கு இறங்கும் ஷேர் ஆட்டோவோ ஜீப்போ இலவசமில்லை. ஆக, அரசு 100 ரூபாய் செலவழித்தால் அவர் அதைப்போல் மூன்று நாலு மடங்கு செலவழிக்கிறார். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவான 600 பேரில் 180 பேர் ஏன் வரவில்லை என்பதற்குப் பெரும்பாலான விடை இங்கேதான் கிடைக்கும். "அலட்சியம்" என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம்.

அளவு சீராக இருப்பவருக்கு 30 நாளுக்குப் பதில் 60 நாள் மாத்திரை கொடுத்தால் வந்துபோகும் செலவு இரு தரப்புக்கும் பாதியாகும். மருந்துச் செலவு ஒரு பைசா கூடாது, அதே மாத்திரைதான். ஆனால் இருப்பு இரண்டு மாதத்துக்கு வேண்டும். இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடும்போதே இதைச் சேர்க்காவிட்டால் மூன்றாவது மாதம் மருந்துக்குத் தட்டுப்பாடு வரும். பலர் சறுக்கும் இடம் இது.

தொடங்கும் முறை

ஒரு நோய், ஒரு வட்டாரம். இரண்டு நோயை ஒன்றாக எடுக்க வேண்டாம். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு காலாண்டு அளவை மட்டும் எடுங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற எண் இல்லாமல் பின்னால் முன்னேற்றம் என்று எதைக் காட்டுவது? ரத்தக்கொதிப்புக்கு நாலு அளவு போதும்: பதிவானவர்களில் கட்டுக்குள் இருப்பவர்கள், வராதவர்கள், புதிதாகப் பக்கவாதம், மாரடைப்பு அல்லது டயாலிசிஸ் வந்தவர்கள், ஒரு முறை வந்துபோக நோயாளிக்கு ஆகும் பணம். கூடவே ஒரு கேள்வி: "மாத்திரை போட்டா ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?" அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். அதைச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இந்த ஒரு கேள்வி பல மாத மர்மத்தை விடுவிக்கும்.

அடுத்து ஆட்கள். ஒரே நோயாளியை நிலையத்தின் என்.சி.டி. (தொற்றா நோய்) செவிலியர், வீட்டுக்குப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், வலி நிவாரணச் செவிலியர் என்று நாலு பேர் பார்க்கிறார்கள், நாலு நோட்டு. வாரம் 30 நிமிடம் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, கட்டுக்குள் வராத 10 பேரின் பெயரை எடுத்துப் பேசினால் போதும். பெயர் முக்கியம். சதவீதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் டீ ஆறிப்போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

இருக்கும் ஆட்களையே வேறு மாதிரி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் நல்ல உதாரணம். புதிதாகக் கண்டறிந்த எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தாமல், எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று ஐந்தைப் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்ப்பது. எடைப் பார்க்கும் மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம். தனிப் பரிசோதனைக்கூடம் வேண்டாம்.

எங்கே கெடும்?

எண்ணுக்குப் பரிசு வைத்தால் எண் வளையும். பதிவேட்டில் 138/88 திடீரென்று பெருகினால் சந்தேகப்படுங்கள். எளிய சோதனை உண்டு. டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எதுவும் வரலாம். பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். பாதி அளவுகள் பூஜ்யத்தில் முடிந்தால் அவை கருவியில் வந்தவை அல்ல, பேனாவில் வந்தவை. மாதம் 10 வீட்டுக்கு வேறொருவரை அனுப்பி மறுபடி அளப்பதும் உதவும்.

நிலையத்தோடு நிலையத்தை ஒப்பிட்டு ரேங்க் போடுவதும் கெடுக்கும். சித்தேரி மலையில் இருக்கும் நிலையத்தையும் தர்மபுரி டவுனில் இருப்பதையும் ஒரே பட்டியலில் போட்டால், மலையில் வேலை செய்ய யாரும் முன்வர மாட்டார்கள். ஒவ்வொரு நிலையமும் தன் சென்ற காலாண்டோடு மட்டும் போட்டியிடட்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செலவழித்த ரசீதைக் காட்டாமல், முன்பே ஒத்துக்கொண்ட முடிவைக் காட்டிப் பணம் பெறும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2019-ல் உலக வங்கி 28.7 கோடி டாலர் கடன் கொடுத்த சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. மாநிலத்துக்கு அது பொருந்தும். ஒரு தனி செவிலியரின் சம்பளத்தை விளைவோடு கட்டுவது வேறு விஷயம். அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இன்னொரு சிக்கல், செலவு ஒரு துறைக்கு, லாபம் இன்னொரு துறைக்கு என்று பிரிந்துபோவது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. பல வருடம் அதற்கு மேல் குடித்தால் பல்லில் கறை, பிறகு எலும்பு விறைத்து, இடுப்பு வளையாமல் போகும். எலும்புக்கு வந்துவிட்டால் திருப்ப மருந்தில்லை. வலி மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் மருத்துவமனை எவ்வளவு செலவழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஜப்பான் கடனுதவியில் வந்து 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் இந்த நோய்க்கான உண்மையான சிகிச்சை. அது குடிநீர் வாரியத்தின் செலவில் வருகிறது. சுகாதாரத்துறையின் பங்கு, குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் சமையலுக்கு போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணி, அந்தப் பட்டியலை ஊராட்சியிடம் கொடுப்பது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லை வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பதும் சேர்த்தி. ஸ்டெதஸ்கோப் தேவைப்படாத இந்த வேலைக்கு, செலவழிக்கும் ரூபாய்க்குப் பலன் அதிகம்.

கடைசியாக, இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வகை நோயாளி: பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். அவர் நம் பதிவேட்டில் "வரவில்லை" என்று இருப்பார், அங்கே எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். தன்னார்வலர் வீட்டுக்குப் போனால் அவருடைய அம்மா மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார், கணக்கில் "வழங்கப்பட்டது". பதிவேட்டில் அவருக்குத் தனியாக ஒரு குறி போட்டு, கைபேசி எண், வேலை பார்க்கும் ஏரியா, எப்போதெல்லாம் ஊருக்கு வருவார் என்று மூன்று விவரம் வாங்கி வையுங்கள். பொங்கல், ஊர்த் திருவிழா, தேர்தல் என்று அவர்கள் மொத்தமாக வரும் நாட்கள் தெரிந்தவைதான். அந்த வாரம் மாலை 5 முதல் 8 வரை துணை சுகாதார நிலையத்தைத் திறந்து வைத்து, அளவு பார்த்து, 90 நாள் மாத்திரை கொடுத்து அனுப்பலாம். பொங்கலுக்கான இண்டென்டை மார்கழி முதல் வாரமே அனுப்பிவிட வேண்டும்.